எருக்கஞ்செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோட்டோரம், ஏரிக்கரை, கைவிட்ட மனை, ரயில்பாதைச் சரிவு என்று எங்கும் நிற்கும் எருக்கைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு பாதி பயத்தில் பிறந்தவை, மறு பாதி பக்தியில். அந்தச் செடியை நம்பியே பிழைக்கும் உயிர்களைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே உள்ளன.

ஊதாப்பூ, வெள்ளைப்பூ ரெண்டையும் எருக்குன்னுதான் சொல்றாங்க. ரெண்டும் வேற வேற செடியா?

பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் எருக்கு, கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா என்ற இனம். அதில் வெளிர் ஊதாப் பூவும் வரும், வெள்ளைப் பூவும் வரும். மனிதர்களில் கண் நிறம் மாறுவது போன்ற வேறுபாடுதான். இலை, பால், காய் எல்லாம் ஒன்றே. ஊதாவைவிட வெள்ளை அரிதாக இருப்பதால் அதற்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

குழப்பம் வருவது இன்னொரு இனத்தால். கலோட்ரோபிஸ் புரோசெரா என்ற அந்த எருக்கின் பூ சிறியது, ஏறத்தாழ 2 செ.மீ. அகலம். இதழ்கள் கிண்ணமாக மேல்நோக்கி நிற்கும், வெள்ளை இதழின் நுனியில் கருஊதா மை தொட்டு வைத்தது தெரியும், மொட்டு உருண்டை. ஜைகாண்டியாவின் பூ 3 முதல் 4 செ.மீ. வரை வரும், இதழ்கள் விரிந்து பின்னோக்கி வளையும், மொட்டு நீள்முட்டை வடிவம். சில மூலிகைப் பட்டியல்களில் புரோசெராவையே வெள்ளெருக்கு என்று எழுதியிருப்பார்கள். எனவே "வெள்ளெருக்கு" என்று யாராவது கொடுத்தால், இதழ் நிற்கிறதா வளைகிறதா என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் எருக்கு என்று சொல்வது ஜைகாண்டியாவை.

இது நம்ம ஊர்ச் செடிதானா? சீமைக்கருவேலம் மாதிரி வெளியிலிருந்து வந்ததா?

நம் ஊர்ச் செடியேதான். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென்சீனம் வரை இது இயற்கையாக வளரும் நிலம். சீமைக்கருவேலம், பார்த்தீனியம், உன்னிச்செடி ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றோடு எருக்கையும் சேர்த்து "களை" என்று ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஆனால் இங்கே சொந்தமான செடி எல்லா நாட்டிலும் நல்ல விருந்தாளி ஆகாது. புரோசெரா எருக்கு வட ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களிலும் பிரேசிலின் வறண்ட பகுதிகளிலும் பரவித் தொல்லையாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பூஜைக்கு வேண்டும் என்று விதை கேட்டால் அனுப்ப வேண்டாம்.

தண்ணியே இல்லாத இடத்துல எப்படிப் பச்சையா நிக்குது?

ஆணிவேர் ஆழமாக இறங்குகிறது. இலையிலும் இளந்தண்டிலும் இருக்கும் வெண்பூச்சு வெயிலைத் திருப்பியடிக்கிறது, நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. பால் கசப்பும் நஞ்சுமாக இருப்பதால் ஆடுமாடுகள் நெருங்குவதில்லை. மேலே வெட்டினாலும் வேர்க்கழுத்திலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதற்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. நிழல் விழும் அடர்ந்த காட்டில் எருக்கு நிலைக்காது. நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். திறந்த வெயிலும் வடியும் மண்ணும்தான் அதன் தேவை. அவை இருந்தால் செங்கல் சூளை ஓரமும் கடற்கரை மணலும் அதற்கு ஒன்றுதான்.

எங்க மேய்ச்சல் நிலம் முழுக்க எருக்கு ஆயிடுச்சு. அது நிலத்தைக் கெடுத்துடுச்சா?

வரிசை தலைகீழ். முதலில் அளவுக்கு மேல் மேய்ச்சல் நடக்கிறது, புல்லும் தின்னத்தக்க செடிகளும் குறைகின்றன, மண் வெற்றாகிறது. ஆடு தொடாத எருக்கு அந்த இடைவெளியில் போட்டியின்றி வளர்கிறது. எருக்கு மட்டும் கூட்டமாக நிற்கும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தால், அங்கே ஆடுமாட்டின் எண்ணிக்கை நிலம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எருக்கை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு அது மீண்டும் துளிர்க்கும், இல்லையென்றால் ஆடு தொடாத வேறொன்று அந்த இடத்துக்கு வரும். ஒரு பகுதியை வேலியிட்டு ஒன்றிரண்டு மழைக்காலம் மேய்ச்சலை நிறுத்தினால்தான் புல் திரும்பும்.

எருக்குப் புதரின் அடியை ஒருமுறை விலக்கிப் பாருங்கள். ஆடு வாய் வைக்காத அந்த மறைவில் புல்லும், சில சமயம் வேம்பு போன்ற மரக்கன்றும் தப்பி நிற்பதைக் காணலாம்.

எருக்கு இலைச்சாறு மத்த விதையை முளைக்க விடாதுன்னு படிச்சேன். அப்ப அடியில எப்படிப் புல்லு?

இலையை அரைத்து எடுத்த சாற்றை விதைமேல் ஊற்றினால் முளைப்பு குறைகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது உண்மை. ஆனால் நிலத்தில் இலை மெல்ல உதிர்ந்து, காய்ந்து, மட்குகிறது. சோதனைத் தட்டில் இருக்கும் செறிவு அங்கே வருவதில்லை. பச்சை எருக்கிலையை நாற்றங்கால் மேல் நேரடியாகக் குவிக்காமல் இருந்தால் போதும்.

ஆடே தின்னாத செடியால யாருக்கு என்ன பயன்?

ஆடு தின்னாதது பூச்சிகளுக்குச் சாதகமாகிவிட்டது. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருட்கள் உள்ளன. அதைத் தாங்கப் பழகிக்கொண்ட சில இனங்களுக்கு ஒரு செடி முழுவதும் போட்டியில்லாமல் கிடைக்கிறது. தாங்குவதோடு நிற்காமல், அந்த நஞ்சையே உடலில் சேர்த்துத் தங்களுக்குக் காவலாக்கிக்கொள்கின்றன. எருக்கில் இருக்கும் பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பது இதனால்தான். "என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு" என்று பறவைக்குச் சொல்லும் நிறம் அது.

ஒரே செடியில் இலையைத் தின்பவை வரிப்புழுவும் வெட்டுக்கிளியும். சாற்றை உறிஞ்சுவது மஞ்சள் அசுவினி. அசுவினியைத் தின்ன வருவது பொறிவண்டு. தேனுக்கு வருவது கருவண்டு. காய்க்குள் வாழ்வது ஈப்புழு. விதையை உறிஞ்சுவது சிவப்பு-கறுப்பு நாவாய்ப்பூச்சி. விதைப் பஞ்சைத் தேன்சிட்டு போன்ற சிறு பறவைகள் கூட்டுக்குள் மெத்தையாக வைக்கின்றன. எருக்கு ஆண்டு முழுதும் பூக்கும் செடி. சித்திரை, வைகாசி வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது தேன் வைத்திருப்பது மிகச் சில செடிகளே, அவற்றில் இது ஒன்று. வறண்ட நிலத்தில் எருக்கின் மதிப்பு அந்த இரண்டு மாதத்தில்தான் முழுதாகப் புரியும்.

கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு இலையைக் காலி பண்ணுது. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் அடிக்க வேண்டாம். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. உடலில் மூன்று இடங்களில் ஜோடி ஜோடியாகக் கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை. முடி கிடையாது, தொட்டால் அரிக்காது, தோட்டத்துக் கத்தரிக்கோ வெண்டைக்கோ போகாது. இரண்டு மூன்று கிளை மொட்டையானாலும் எருக்கு சில வாரத்தில் துளிர்த்துவிடும்.

தாய்ப் பட்டாம்பூச்சி ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக வைக்கும், பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம், வெள்ளிநிறப் புள்ளியாக. 3 முதல் 5 நாளில் பொரியும். புழுப்பருவம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரம் அல்லது சற்று மேல். ஆக ஒரு தலைமுறைக்கு 3 முதல் 4 வாரம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், செடி வெட்டுவது பற்றிய கேள்வியில் மறுபடி தேவைப்படும்.

குட்டிப்புழுவுக்கு நஞ்சைவிடப் பாலின் பசைதான் பெரிய ஆபத்து. வாய் ஒட்டிப்போய்ச் செத்துவிடும். அதனால் அது முதலில் இலையில் ஒரு வட்டமாகக் கடித்துப் பாலை வடியவிட்டு, வட்டத்துக்குள் இருப்பதைத் தின்னும். பெரிய புழு நடுநரம்பைக் கடித்து வைத்துவிட்டு, பால் வராத நுனிப்பக்கமாகப் போய் மேயும். தொங்கிப்போய் வாடிய எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் புழு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நர்சரியில பட்டாம்பூச்சிக்குன்னு சிவப்பு-மஞ்சள் பூ மில்க்வீட் விக்கிறாங்க. எருக்குக்குப் பதிலா அதை வைக்கலாமா?

வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும், புழுவும் வளரும். ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. காற்றில் விதை பறந்து வாய்க்கால் ஓரங்களிலும் ஈரமான இடங்களிலும் தானாகப் பரவுகிறது. எருக்கு வைக்க இடமே இல்லாத சிறு மாடிக்கு வேண்டுமானால் வைத்து, காயை வெடிக்கும் முன் கிள்ளிவிடுங்கள். இடம் இருக்கிறவர்கள் எருக்கே வைக்கலாம், செலவும் இல்லை.

முதிர்ந்த ஆண் பட்டாம்பூச்சிகளுக்கு இன்னொரு தேவையும் உண்டு. காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் இருந்து அவை சில வேதிப்பொருட்களை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணமாக மாற்றுகின்றன. இவற்றில் ஒன்றைப் பிடுங்கி எருக்கருகே காயத் தொங்கவிட்டால் ஆண்கள் கூடுவதைப் பார்க்கலாம்.

பூ நடுவுல கிரீடம் மாதிரி நிக்குதே, அதுக்கு என்ன வேலை?

சாதாரணப் பூவில் மகரந்தம் தூளாக இருக்கும், வண்டின் உடலில் ஒட்டிப் போகும். எருக்கில் அப்படி இல்லை. மகரந்தம் முழுவதும் மெழுகுக் கட்டிகளாகத் திரண்டிருக்கும். இரண்டு கட்டிகளை ஒரு சிறு கவ்வி இணைக்கும். ஒரு பூவில் இப்படி ஐந்து ஜோடி. ஆண் உறுப்பும் சூலகமுடியும் ஒன்றாக இணைந்து ஐங்கோணத் தூணாக நிற்கும். அதைச் சுற்றி ஐந்து தடித்த மடல்கள். கிரீடமாகத் தெரிவது இந்த அமைப்புதான்.

தூணின் பக்கங்களில் மெல்லிய பிளவுகள் உண்டு. தேனுக்கு வந்த வண்டின் கால் அல்லது வாயுறுப்பு பிளவில் நுழைந்து மேல்நோக்கி இழுபடும்போது, மேலே இருக்கும் கவ்வியில் மாட்டிக்கொள்கிறது. வண்டு பலமாக இழுத்தால் கட்டி ஜோடி முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வரும். அடுத்த பூவில் அதே கால் பிளவில் நுழையும்போது ஒரு கட்டி உள்ளே சிக்கி நின்றுவிடும். மகரந்தச் சேர்க்கை முடிந்தது.

இழுத்துப் பிடுங்கப் பலம் வேண்டும். அந்தப் பலம் பெரிய தச்சன் தேனீக்கு இருக்கிறது. ஊரில் கருவண்டு என்று சொல்வோமே, நீலம் மின்னும் சிறகோடு ரீங்காரம் போட்டு வருவது, அதுதான். சிறு தேனீக்களும் எறும்புகளும் பூவில் தேன் எடுக்கும், ஆனால் எருக்குக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. ஒரு குண்டூசி முனையைப் பிளவில் கீழிருந்து மேலாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், மஞ்சள் கட்டிகள் இரண்டும் ஊசியில் தொங்கிக்கொண்டு வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பாடம். பூவை எடுத்துவந்து பால் துடைத்த பிறகே அவர்கள் கையில் கொடுங்கள்.

அவ்வளவு பூ பூக்குது, காய் மட்டும் நாலஞ்சுதான். செடிக்குச் சத்துக் குறையா?

சத்துக்குறை இல்லை. முந்தைய பதிலில் சொன்ன ஏற்பாட்டில், ஒரு பூ காயாக வேண்டுமானால் ஒரு முழுக் கட்டி சரியான பிளவில் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான பூவுக்கு அது நடப்பதில்லை. நடந்துவிட்டால் ஒரு கட்டியிலேயே ஒரு காய்க்குத் தேவையான மகரந்தம் இருக்கிறது, ஒரு காயில் நூற்றுக்கும் மேல் விதை. குறைவாகக் காய்த்தும் இனம் தழைப்பது அப்படித்தான்.

சுத்தமாகக் காயே இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கருவண்டு குறைந்திருக்கலாம். அது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் கூடு வைக்கும். பட்டுப்போன கிளையையும் பழைய மூங்கில் கழியையும் ஒன்றிரண்டு விட்டுவையுங்கள். உங்கள் பூசணி வகைகளுக்கும் அகத்திக்கும் அந்த வண்டு வந்து போகும்.

காயைப் பிளந்தா உள்ளே வெள்ளைப் புழு நெளியுது. மா, கொய்யாவுக்குப் பரவுமா?

பரவாது. அது டேகஸ் பெர்சிகஸ் என்ற பழ ஈயின் புழு. எருக்கையும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளையும் சார்ந்தே வாழ்வது, மாவைத் தாக்கும் பழ ஈ வேறு இனம். எருக்கு அளவுக்கு மீறி விதை பரப்பாமல் இருப்பதற்கு இந்த ஈயும் ஒரு காரணம். விதைக்காகக் காய் பறிப்பவர்கள் பச்சையாகப் பறிக்காமல், வெளிறி, ஓரத்தில் பிளவுக்கோடு தெரியும் காயைப் பறித்தால் புழு விழாத காயைத் தேர்ந்தெடுக்கலாம்.

கொழுந்து முழுக்க மஞ்சளா அசுவினி. பக்கத்துல கத்தரி இருக்கு, பயமா இருக்கு.

கறுப்புக் கால் வைத்த எலுமிச்சை மஞ்சள் அசுவினி என்றால் அது எருக்கு, அரளி வகையறாவில் வாழ்வது. கத்தரியில் வரும் அசுவினி வேறு. இந்த மஞ்சள் அசுவினி ஆணில்லாமலே குட்டி போடும், அதனால்தான் ஒரே வாரத்தில் கொழுந்தை மூடிவிடுகிறது.

பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். பொறிவண்டும் அதன் முதலை வடிவப் புழுவும் வந்துவிடும், பின்னால் அசுவினி தின்னும் ஈப்புழுக்கள் வரும். பழுப்பாக உப்பிப்போய் இலையில் ஒட்டிய அசுவினிகள் தெரிந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று பொருள். இவையெல்லாம் எருக்கில் பெருகி, பிறகு உங்கள் கத்தரியில் இருக்கும் அசுவினியையும் தேடி வரும். தோட்டத்து ஓரத்தில் ஒரு எருக்கு நிற்பது விவசாயிக்கு நன்மை என்று சொல்வது இதனால்தான். கொழுந்து கறுத்துப் போகும் அளவுக்குப் படிந்தால் மட்டும் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

மஞ்சளும் நீலமுமா பெரிய வெட்டுக்கிளி கூட்டமா இருக்கு. பாலைவன வெட்டுக்கிளியா?

எருக்கு வெட்டுக்கிளி. உடலில் மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாக இருக்கும், குஞ்சுகளில் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் தெரியும், பிடித்தால் ஒரு திரவத்தைப் பீய்ச்சும். பாலைவன வெட்டுக்கிளிக்கு இப்படி நிறம் கிடையாது. 2020இல் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்த சமயம், கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கில் மொய்த்த உள்ளூர் வெட்டுக்கிளியைப் பார்த்து மக்கள் பதறினார்கள். எருக்கு தீர்ந்துபோனால் இது சில சமயம் பக்கத்துப் பயிரையும் கடிக்கும், ஆகவே பயிரோரத்து எருக்கை மொத்தமாக ஒரே நாளில் வெட்டாதீர்கள்.

பால் கண்ணுல தெறிச்சிடுச்சு. வலிக்கவே இல்லை, விட்டுடலாமா?

விட்டுவிடக் கூடாது. எருக்கம்பால் கருவிழியின் உள்படலத்தைத் தாக்கும். பல சமயம் பெரிய வலி இருக்காது, சில மணி நேரத்தில் பார்வை மங்கும். வலி இல்லை என்பதால்தான் ஆட்கள் தாமதிக்கிறார்கள்.

உடனே சுத்தமான ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம், இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கசக்க வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதையும் விட வேண்டாம். கழுவியதும் அன்றே கண் மருத்துவரிடம் போய் எருக்கம்பால் என்று சொல்லுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்; புண்ணில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம்.

ரத சப்தமி அன்று எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இலையை முந்தின நாள் மாலையே பறித்து, காம்பு நுனியை நீரில் நனைத்துப் பால் முழுதும் வடிந்த பிறகு வையுங்கள். குளிக்கும் நீரோடு பால் கண்ணுக்குள் இறங்குவது அப்போது தவிர்க்கப்படும்.

சின்னப் பிள்ளையும் ஆடும் இருக்கிற வீட்டுல வைக்கலாமா?

நடக்கும் வழியை விட்டு ஐந்தாறு அடி தள்ளி, வேலியோரம் என்றால் வைக்கலாம். கைக்குழந்தை தவழும் முற்றத்தில் வேண்டாம். ஆடு பச்சை எருக்கைத் தானாகத் தின்னாது. ஆபத்து வருவது, வெட்டிய எருக்கு மற்றத் தழையோடு கலந்து பட்டிக்குள் போடப்படும்போது. கட்டிப்போட்ட, பசித்த ஆட்டுக்குத் தேர்ந்தெடுக்க வழி இல்லை.

வீட்டுல எருக்கு முளைச்சா குடும்பம் பாழாகுமாமே?

விதை பஞ்சோடு பறந்து சுவர் வெடிப்பிலும் இடிந்த தரையிலும் விழும். ஆள் புழங்கும் வீட்டில் முளைத்ததும் பிடுங்கிவிடுவார்கள், ஆளற்ற வீட்டில் மரமாக நிற்கும். பாழ் முதலில் வருகிறது, எருக்கு பிறகு. சுவர் வெடிப்பில் முளைத்ததை மட்டும் நான்கு இலைப் பருவத்திலேயே பிடுங்குங்கள். வேர் தடித்தால் காரை விரியும்.

நட்டு வளர்க்கணும். விதையா, போத்தா?

இரண்டும் வரும். விதைக்கு எந்த நேர்த்தியும் தேவையில்லை. பஞ்சை நீக்கி, பாதி மணல் கலந்த மண்ணில் அரை செ.மீ. ஆழத்தில் போட்டு ஈரம் காத்தால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் நீளமாக ஓடுவதால் உயரமான பையில் போட்டு, ஆறு இலை வந்ததும் இடத்தில் நட்டுவிடுங்கள். தாமதித்தால் வேர் சுருண்டு செடி நிற்காது. வெள்ளைப் பூ வேண்டுமென்றால் விதையை நம்ப வேண்டாம், தாய்ச் செடியின் நிறம் அப்படியே வருவதற்குப் போத்துதான் வழி.

போத்துக்குப் பெருவிரல் தடிமனில் முற்றிய தண்டு, 20 முதல் 30 செ.மீ. நீளம். இலைகளை நீக்கி, நிழலில் இரண்டு நாள் நிறுத்தி வைத்துப் பால் காய விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நட்டு, மண் மேலே உலர்ந்த பிறகே தண்ணீர். ஒரு மாதம் இழுத்துப் பார்க்கக் கூடாது.

போத்து துளிர்விட்டுச்சு, அப்புறம் அடி கறுத்து அழுகிடுச்சு. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. வெட்டிய ஈரத்தோடே நட்டது, தினமும் தண்ணீர் ஊற்றியது, களிமண்ணில் நட்டது. முதல் துளிர் தண்டில் இருந்த சேமிப்பில் வருவது, வேர் பிடித்துவிட்டதற்கு அது சாட்சி ஆகாது. துளிரைப் பார்த்து மகிழ்ந்து தண்ணீரைக் கூட்டும்போதுதான் அழுகும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் நட்டால் பிழைக்கும் போத்து அதிகம்.

மாடித் தொட்டி என்றால் ஒன்றரை அடி ஆழம் வேண்டும், நாள் முழுதும் வெயில் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றடிக்கு வெட்டினால் புதராகும்.

வெள்ளெருக்கு வேரில் விநாயகர் செய்யலாம்னு வேரோட தோண்டுறாங்க. சரியா?

பூ பறிப்பதால் செடிக்குக் கேடு இல்லை. ஆண்டு முழுதும் பூப்பது, ஒரு மாலைக்கான பூ போனால் அடுத்த கொத்து வந்துவிடும். காம்பில் வடியும் பாலை நீரில் அலசிவிட்டுக் கட்டுங்கள், கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். வேர் தோண்டுவது வேறு கதை. ஆணிவேர் போனால் செடியே போயிற்று. நன்றாகத் தடித்த வேர் வேண்டும் என்பதால் பழைய, பெரிய செடிகளே முதலில் பலியாகின்றன. பல ஊர்களில் வெள்ளை எருக்கு கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் காரணம். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு போத்தை நட்டு வளர்த்து, அதன் பூவைச் சாற்றலாம்.

வயலுக்கு எருக்கந்தழை போடலாமா? எவ்வளவு?

காலங்காலமாகப் போடுவதுதான். சதைப்பற்றான இலை என்பதால் சேற்றில் சீக்கிரம் மட்கும். நெல்லுக்குப் பசுந்தழை உரம் ஹெக்டேருக்கு 6.25 டன் என்பது வேளாண் பரிந்துரை, ஏக்கருக்கு 2.5 டன் வரும். அத்தனையும் எருக்காக இருக்க வேண்டியதில்லை. வேம்பு, புங்கம், ஆவாரை, கொளுஞ்சியோடு கலந்து நடவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னே மிதித்துவிடுங்கள். கிளையை அரையளவு மட்டும் ஒடிக்க வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையும் புழுவும் உள்ளதை விட்டுவிட வேண்டும். மிதிப்பவர் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் வேலைக்கு இறங்க வேண்டாம்.

பல்வலி, மூட்டுவலி, காய்ச்சலுக்கு எருக்கு நல்லதாமே?

வீட்டு வைத்தியமாக உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம், பல்லில் பால் வைக்கவும் வேண்டாம். இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு என்று முன்பே சொன்னோம். மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி குறுகியது. சித்த மருத்துவர் சுத்தி செய்து கொடுப்பது அவருடைய பொறுப்பில் நடப்பது, அதை வீட்டில் செய்து பார்க்க முடியாது.

வீடு கட்டப் போறோம், மனையில நிறைய எருக்கு. வெட்டித்தான் ஆகணும். என்ன செய்யட்டும்?

முடிந்தால் மூன்று பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி வெட்டியபின் குறைந்தது 4 வாரம் விட்டு அடுத்ததை வெட்டுங்கள். முன்பு சொன்ன ஒரு தலைமுறைக் கணக்கு இதற்குத்தான்: முதல் பகுதியில் இருந்து தப்பிய புழு மற்றப் பகுதியில் வளர்ந்து பறந்துவிடும். கையுறை, கண்ணாடி இரண்டும் அணிந்து, அரிவாளைத் தலைக்கு மேல் வீசாமல் கீழிருந்து வெட்டுங்கள். மேலே வெட்டினால் பால் முகத்தில்தான் தெறிக்கும்.

வெட்டிய கிளையை உடனே குவித்து எரிக்காமல், நிற்கும் செடியில் இரண்டு நாள் சாய்த்து வையுங்கள். இலை வாடியதும் புழு தானாக நடந்து பச்சைச் செடிக்குப் போய்விடும். புழுவைக் கையால் பிய்த்து மாற்றினால் கால் அறுபடும், இலையோடு கிள்ளி மாற்றுவது நல்லது. பச்சையும் பொன்புள்ளியுமாகத் தொங்கும் கூட்டுப்புழு தெரிந்தால் அந்தக் கிளையை மட்டும் நறுக்கி, மழை படாத இடத்தில் அதே நிலையில் தொங்கவிடுங்கள்.

தரைமட்டமாக வெட்டினால் மீண்டும் வரும். கட்டடம் எழும்பும் இடத்தில் வேர்க்கழுத்துக்குக் கீழே ஓரடி வரை தோண்டி எடுக்க வேண்டும். மனையின் ஓரத்தில், வெயில் படும் மூலையில் இரண்டு செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டுவையுங்கள். வீடு பூச்சு வேலைக்கு வரும்போது அவை மறுபடி பூத்திருக்கும்.